செக்கும் சீட்டும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோவை மத்தியச் சிறையைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த ஊரில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வ.உ.சி. இழுத்த செக்குதான். 1908 ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை பெற்று அவர் இங்கே கொண்டுவரப்பட்டார். 1910 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்படும் வரை இங்கேதான் இருந்தார். முதலில் சணல் இயந்திரத்தில் வேலை கொடுத்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. அதன் பிறகு மாடு இழுக்க வேண்டிய செக்கில் அவரைப் பூட்டினார்கள். அந்தச் செக்கு இன்று நினைவுச் சின்னமாகச் சிறை வளாகத்தில் இருக்கிறது. அவர் பிறந்த நாளிலும் மறைந்த நாளிலும் மாலை போடுகிறோம்.

அந்தச் செக்கு நம்மிடம் ஏன் பேசுகிறது? கொங்கு நாட்டில் பழைய கல்செக்குகளுக்குப் பஞ்சமில்லை. கோயில் வாசலிலும் ஊர்ப் பொதுவிடத்திலும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் நாம் தலைவணங்குகிறோம் என்றால், அதை இழுத்தவர் தம் சிறை வாழ்க்கையைத் தம் கையாலேயே சுயசரிதையாக எழுதி வைத்ததுதான் காரணம். அந்த ஏடு இல்லாவிட்டால் செக்கு வெறும் கல். செக்கு இல்லாமல் ஏடு மட்டும் இருந்திருந்தால், அந்தப் பாரத்தை நம் கை தொட்டு உணர்ந்திருக்காது. இன்று நான் பேசப்போவது பொருளுக்கும் ஏட்டுக்கும் உள்ள இந்த உறவைப் பற்றித்தான். ஆனால் வ.உ.சி.யைப் பற்றி அல்ல. அவருக்குப் பின், இரண்டாம் உலகப் போர் ஆண்டுகளில் சிறை சென்ற கொங்கு நாட்டு மக்களைப் பற்றி. அவர்களுக்குச் செக்கும் இல்லை, சுயசரிதையும் இல்லை.

1942 ஆகஸ்ட் 9ஆம் தேதி காலையில் காங்கிரஸ் தலைவர்கள் பம்பாயில் கைது செய்யப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் கோவை வட்டாரம் கொதித்தது. ஆகஸ்ட் 13 இரவு, போத்தனூருக்கும் சிங்காநல்லூருக்கும் இடையே சரக்கு ரயில் கவிழ்க்கப்பட்டது. ஆகஸ்ட் 26 இரவு, சூலூரில் போருக்காகக் கட்டப்பட்டுவந்த விமானதளத்துக்குள் சுற்றுப்புறக் கிராமத்தார் புகுந்து, கொட்டகைகளுக்கும் லாரிகளுக்கும் தீ வைத்தார்கள். கள்ளுக்கடைகளும் எரிந்தன. மறுநாளிலிருந்து போலீஸ் வேட்டை தொடங்கியது. பிடிபட்டவர்களில் நெசவாளி இருந்தார், மில் தொழிலாளி இருந்தார், தோட்டத்தில் பண்ணயம் பார்த்தவர் இருந்தார். பலர் பெல்லாரிக்குப் பக்கத்தில் உள்ள அலிபுரம் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஒரு விமானதளத்துக்குத் தீ வைப்பது போர்க்காலத்தில் எவ்வளவு பெரிய செயல் என்பதை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூர் அந்த ஆண்டு பிப்ரவரியில் விழுந்துவிட்டது, ரங்கூன் மார்ச்சில் விழுந்தது. ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னை நகரமே பாதி காலியானது. கடற்கரையிலிருந்து தள்ளியிருந்த கோவை, பிரிட்டிஷ் படைக்குப் பாதுகாப்பான பின்களமாகத் தெரிந்தது. போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் கடற்படை விமானங்களைப் பழுது பார்க்கும் தளங்கள் பீளமேட்டிலும் சூலூரிலும் அமைந்தன. அந்த ஏற்பாட்டின் நடுவில் ஊர்க்காரர்கள் தீப்பந்தத்தோடு போய் நின்றார்கள். நான் அவர்களை வெறும் கலகக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன், தியாகிகள் என்று ஒரே சொல்லில் மூடிவைக்கவும் மாட்டேன். அவர்கள் யார், என்ன நினைத்துப் போனார்கள், என்ன விலை கொடுத்தார்கள் என்று ஒவ்வொருவராகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் ஆசை. அதற்கு வழி இருக்கிறது.

அந்த வழி, அவர்களைப் பூட்டிவைத்தவர்கள் எழுதிய கணக்கில் இருக்கிறது.

1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் ஒவ்வொரு சிறைக் கண்காணிப்பாளரும் எந்தெந்தப் பதிவேடுகளை வைக்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கட்டளையிடுகிறது. உள்ளே வந்தவர்களின் பதிவேடு ஒன்று. ஒவ்வொருவரும் என்றைக்கு விடுதலையாவார் என்று காட்டும் புத்தகம் ஒன்று. தண்டனைப் புத்தகம், பார்வையாளர் புத்தகம் இரண்டும் உண்டு. கடைசியாக, கைதியிடமிருந்து எடுத்துவைத்த பணத்துக்கும் பொருள்களுக்கும் ஒரு கணக்கு. வரலாற்று மாணவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பதிவேட்டைத் தேடுவதில்லை. என்னைக் கேட்டால் அருங்காட்சியகத்துக்கு இதைவிட மேலான ஏடு கிடையாது. கைதான நாளில் ஒரு மனிதன் இடுப்பிலும் மடியிலும் என்ன வைத்திருந்தான் என்று அது சொல்லும். வேட்டி, துண்டு, அரைஞாண், கடுக்கன், சுருட்டு, நாலணாச் சில்லறை என்று எழுதியிருந்தால் போதும், ஒரு விவசாயக் கூலியின் மொத்த உடைமையும் ஒரு வரியில் வந்துவிடும். அதே வரியின் கடைசியில், விடுதலையாகும்போது பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டதற்கு அவர் வைத்த கையெழுத்தோ ரேகையோ இருக்கும். 1942இல் படிக்காத ஒரு கொங்குக் குடியானவர் இந்த உலகத்தில் விட்டுச்சென்ற ஒரே அடையாளம் அந்தப் பெருவிரல் ரேகையாக இருக்கக்கூடும்.

இன்னொன்று, சிறைக்காரர்கள் ‘ஹிஸ்டரி டிக்கெட்’ என்று சொல்லும் சீட்டு. உள்ளே வந்த நாள் முதல் வெளியே போகும் நாள் வரை அது கைதியோடு இருக்கும். எந்தச் சட்டப் பிரிவு, என்ன வேலை, எப்போது காய்ச்சல், எப்போது ஆஸ்பத்திரி, எத்தனை நாள் தண்டனைக் கழிவு என்று எல்லாம் அதில் ஏறும். குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை எடை பார்த்து எழுதுவார்கள். ‘சி’ வகுப்புக் கைதிகளுக்குப் போட்ட சாப்பாடு எப்படியிருந்தது என்று தலைவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகள் நிறைய உண்டு. அவர்களில் பலர் ‘ஏ’ அல்லது ‘பி’ வகுப்பில் இருந்தவர்கள். ‘சி’ வகுப்பில் களியும் கூழும் குடித்தவர் எழுதவில்லை. அவர் எழுதாததை அவர் எடை சொல்லும். உள்ளே போகும்போது எத்தனை பவுண்டு, வெளியே வரும்போது எத்தனை பவுண்டு என்று இரண்டு எண்கள் கிடைத்தால், நூறு பக்கக் கட்டுரைக்கு அவை சமம்.

இந்த ஏடுகளை அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. எழுதியவன் பூட்டியவன். ‘கட்டளை மீறல்’ என்று தண்டனைப் புத்தகத்தில் இருந்தால் அது வந்தே மாதரம் சொன்னதாக இருக்கலாம், அதிகாரி வரும்போது எழுந்து நிற்க மறுத்ததாக இருக்கலாம். ‘தானே கீழே விழுந்து காயம்’ என்று மருத்துவக் குறிப்பு சொன்னால், யார் தள்ளினார்கள் என்று நாம் கேட்டாக வேண்டும். சிறை ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர் வரியை மட்டும் பார்க்க மாட்டார், தேதிகளையும் சேர்த்துப் பார்ப்பார். ஒரே நாளில் பத்துப் பேருக்கு ஒரே தண்டனை விழுந்திருந்தால், அன்று அந்தக் கொட்டடியில் ஏதோ நடந்திருக்கிறது.

தண்டனை பெற்ற கைதிகளைத் தவிர இன்னொரு கூட்டமும் இருந்தது. விசாரணையே இல்லாமல் வைக்கப்பட்டவர்கள். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் 26ஆம் விதி, ஒருவரைச் சந்தேகத்தின் பேரிலேயே காலவரையின்றி அடைத்துவைக்க அதிகாரம் தந்தது. அன்றைய மொழியில் அவர்கள் ‘டெட்டினியூ’க்கள். 1943 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம், கேசவ் தல்படே வழக்கில், அந்த விதி சட்டத்தின் எல்லையை மீறியது என்று தீர்ப்பளித்தது. அதே மாதத்திலேயே அவசரச் சட்டம் போட்டு அரசு அதைச் சரிக்கட்டிக்கொண்டது. குற்றப்பத்திரிகை இல்லாதவனுக்கு நீதிமன்ற ஆவணமும் இருக்காது. அவனைப் பற்றி இருப்பது அடைப்பு ஆணை ஒன்று, சிறைப் பதிவேட்டில் ஒரு வரி, தணிக்கை முத்திரை குத்திய கடிதங்கள் சில. அந்தக் கடிதங்கள் பெரும்பாலும் வீடுகளில் இருக்கின்றன, அல்லது இருந்தன.

இந்தத் தாள்களைத் தேடுவது வெறும் ஆராய்ச்சியாளர் ஆசை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1972இல், விடுதலையின் வெள்ளி விழா ஆண்டில், மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்குத் தாமிரப் பட்டயம் கொடுத்தது. ஓய்வூதியத் திட்டமும் தொடங்கியது. பொதுவாக, குறைந்தது 6 மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குச் சான்று வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் விலங்கோடு நுழைந்த அதே வாசலுக்கு, அறுபது வயதுக் கிழவராக, மனுவோடு போய் நின்றார்கள். ‘ஐயா, நான் இங்கே இருந்தேன் என்று எழுதிக்கொடுங்கள்’ என்று கேட்டார்கள். அலிபுரத்தில் இருந்தவர்களின் பாடு இன்னும் மோசம். 1953 அக்டோபர் 1 அன்று பெல்லாரி மைசூர் மாநிலத்தோடு சேர்ந்துவிட்டது. சென்னை மாகாணத்துக் கைதியாகப் போனவர், சான்றுக்கு வேறு மாநில அலுவலகத்துக்கு எழுத வேண்டியதாயிற்று.

சிறைச் சான்று கிடைக்காதவர்களுக்கு விதி ஒரு மாற்று வழி வைத்தது. உடன் சிறையில் இருந்த, தம் சிறைவாசம் நிரூபணமான மற்றொரு வீரர் சான்று தரலாம். இதற்காக அந்தக் காலத்தில் நடந்த அலைச்சலை இந்த மாவட்டத்துக் குடும்பங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பேருந்து ஏறி, ஊர் விசாரித்து, பழைய கொட்டடித் தோழரைத் தேடிப் போவார்கள். சிலர் போய்ச் சேர்ந்தபோது தோழர் இறந்து கருமாதி முடிந்திருக்கும். ஏடு இருந்தவருக்கு ஓய்வூதியம், ஏடு தொலைந்தவருக்கு இல்லை. ஐந்து மாதம் அடைபட்டு அடி வாங்கியவர், ஆறு மாதம் ஆகவில்லை என்பதால் கணக்கில் சேரவில்லை. போலீஸ் கொட்டடியில் பதியாமலே வைத்து அடித்து விரட்டப்பட்டவர் எங்கே போவார்? தமிழ்நாடு அரசு 1973இல் விடுதலைப் போராட்ட வீரர்களின் பெயர்த் தொகுதிகளை வெளியிட்டது. அரிய பணி. ஆனால் அதிலும் சான்று கொண்டுவந்தவர்கள்தான் இடம்பெற முடிந்தது.

ஏடு இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு இதே போரின் இன்னொரு முனையைக் காட்ட வேண்டும். சயாம்–பர்மா ரயில் பாதை. அங்கே ஜப்பானியரிடம் உழைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல், இறந்தவர்கள் 12,000க்கு மேல். அவர்களோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் பர்மியரும் சாவகரும் மலாய்க்காரருமாக ஆசியத் தொழிலாளர்கள் உழைத்தார்கள். அவர்களில் மாண்டவர்கள் ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கும். பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் செதுக்கியிருக்கும். அங்கே தமிழ்த் தொழிலாளிக்குக் கல் இல்லை. வெள்ளைக்காரனின் உயிர் மேல், நம் உயிர் கீழ் என்பது ஒரு காரணம்தான். இன்னொரு காரணமும் உண்டு. போர்க்கைதிகளின் அதிகாரிகள் இறந்தவர் பட்டியலை ஒவ்வொரு நாளும் எழுதினார்கள், காவலர் கண்ணில் படாமல் ஒளித்தும் புதைத்தும் வைத்தார்கள். தோட்டத் தொழிலாளிக்காக அப்படி எழுதி வைத்தவர் எவருமில்லை.

எழுத முடியாத இடத்தில் பொருளே ஏடாக மாறியதும் உண்டு. சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் 1942இல் அடைபட்ட பெண்கள் மூன்று ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பெண் தன் பெயரையும் தன்னைக் காட்டும் ஏதாவது ஒரு படத்தையும் பூவேலையாகப் போட்டாள். வேறு முகாமில் இருந்த கணவருக்குக் கடிதம் எழுத அனுமதி இல்லை. போர்வை ஆஸ்பத்திரிக்குப் போனது, பெயர்களைப் பார்த்து மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று ஆண்கள் தெரிந்துகொண்டார்கள். இன்று இரண்டு போர்வைகள் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திலும் இருக்கின்றன. அவற்றுக்குத் தனியாக விளக்கப் பலகைகூடத் தேவையில்லை.

நம் பக்கத்திலேயே இதற்கு முந்தைய கதை ஒன்று உண்டு. நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அங்கே கேத்திப் பள்ளத்தாக்கில் 1901, 1902 ஆண்டுகளில், தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை வைத்திருந்தார்கள். இந்தியாவுக்கு வந்த போயர் கைதிகள் 9,000 பேருக்கு மேல். திருச்சியிலும் பெல்லாரியிலும்கூட முகாம்கள் இருந்தன. பொழுது போகாமல் அவர்கள் மரத்தில் பெட்டி, கைத்தடி, புகைக்குழாய் என்று செதுக்கினார்கள். பலவற்றில் தம் பெயர், முகாம், ஆண்டு மூன்றையும் வெட்டிவைத்தார்கள். அத்தகைய கைதிப் பொருள்கள் இன்று தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டேன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அயல்நாட்டில் அடைபட்டவர்களின் மரப்பெட்டியை ஒரு நாடு அப்படிப் போற்றும்போது, அதே பெல்லாரிக்கு நாற்பது ஆண்டுகள் கழித்துக் கொண்டுபோகப்பட்ட சூலூர்க்காரரின் அலுமினியத் தட்டு எங்கே என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

கோவைக்குள்ளும் ஓரிடம். வனக் கல்லூரி வளாகத்தில் உள்ள காஸ் வன அருங்காட்சியகம் 1902இல் தொடங்கியது. 1942இல் அது மூடப்பட்டு, இத்தாலியப் போர்க்கைதிகளுக்காக இடம் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று அந்த அருங்காட்சியகத்தின் வரலாறு கூறுகிறது. ஓர் அருங்காட்சியகமே கைதி முகாமுக்கு இடம் விட்டிருக்கிறது! யானை எலும்பையும் மரத் துண்டுகளையும் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

இப்போது நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். காந்திபுரத்துச் சிறை நிலத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா எழுந்துவிட்டது. நகரின் நடுவில் இருக்கும் சிறையைப் பிளிச்சிக்கு மாற்றும் வேலையும் நடக்கிறது. நகருக்குப் பூங்கா வேண்டும், கைதிகளுக்கு நெரிசல் இல்லாத நல்ல கட்டடம் வேண்டும். இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் அலுவலகம் இடம் மாறும்போது பழைய காகிதம் என்ன ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ‘காலாவதியானவை’ என்று கோணியில் கட்டி எடைக்குப் போடுவார்கள். செக்கு தப்பித்துவிடும், அது கனமானது, புகழ் பெற்றது. சீட்டு தப்பாது.

அதனால் சிறைத் துறையையும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். ஒரு லாரி கிளம்புவதற்கு முன், 1872இல் அந்தச் சிறை எழுந்த காலத்திலிருந்து மிஞ்சியிருக்கும் பதிவேடுகளுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். 1939 முதல் 1946 வரை உள்ளவற்றை முதலில் எடுங்கள். சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் இராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று இந்தச் சிறையில்தான் தூக்கிலிடப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் சிங்காநல்லூரில் செங்கொடி ஏறுகிறது. அவர்களுடைய சீட்டுகளும் தூக்குமேடை நின்ற இடமும் கட்சி, கருத்து பார்க்காமல் காக்கப்பட வேண்டும். சாதாரணக் குற்றங்களுக்காக இருந்தவர்களின் பெயர்களும் அதே ஏடுகளில் இருக்கும். அவர்களுடைய குடும்பங்களின் மானத்தைக் காக்க வேண்டியதால், எதை வெளியிடுவது, எதை மூடிவைப்பது என்று விதி வகுத்துக்கொள்ளலாம். அழிப்பதற்கு அது சாக்கு ஆகக் கூடாது. அலிபுரம் ஏடுகளில் நம் மாவட்டத்தார் பெயர் உள்ள பக்கங்களுக்குக் கர்நாடக அரசிடம் நகல் கேட்கலாம். முதல் உலகப் போரின் கைதிகளுக்காக ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கம் எழுதிய சுமார் 70 லட்சம் அட்டைகளைக் காத்து, இன்று இணையத்தில் எவரும் தேடும்படி வைத்திருக்கிறார்கள். சில ஆயிரம் பெயர்கள் நமக்குப் பெரிய வேலையே இல்லை.

மிச்சம் உங்கள் கையில். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலருடைய வீட்டில் ஒரு தாமிரப் பட்டயம் சுவரில் மாட்டியிருக்கும். பட்டயத்தை விடுங்கள், பரணில் உள்ள டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஓய்வூதிய மனுவின் நகல், உடன் சிறைவாசி தந்த சான்று, சிறை முத்திரை குத்திய கார்டு, விடுதலைச் சீட்டு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், காகிதம் உள்ளேயே பாழாகும். பின்னும் குண்டூசியும் குத்தியிருந்தால் மெல்லக் கழற்றுங்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது யாருடையது, எந்தச் சிறை, எந்த ஆண்டு என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தனித் தாளில் எழுதி, அதோடு சேர்த்து வையுங்கள். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். பிறகு அந்தப் பெட்டியை ஆவணக் காப்பகத்துக்கோ பல்கலைக்கழக நூலகத்துக்கோ கொடுங்கள், கொடுக்க மனம் வராவிட்டால் நகலையாவது கொடுங்கள்.